கொடானியின் டப்பாக்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் வசிக்கிறேன். மான்டரேயின் மத்தி மீன் ஆலைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் குடும்பத்தோடு அந்தப் பக்கம் போயிருந்தோம். கேனரி ரோவில் இன்று ஆலை என்று சொல்ல ஒன்றுமில்லை, ஓட்டலும் மிட்டாய்க்கடையும் மீன் காட்சியகமும்தான். பிள்ளைகளுக்கு அது போதும். மறுநாள் கார்மலுக்குத் தெற்கே பாயின்ட் லோபோஸ் போனோம்.

அங்கே வேலர்ஸ் கோவ் (திமிங்கில வேட்டைக்காரர் குடா) என்று ஒரு சின்னக் குடா. கரையில் பழைய மரவீடு ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். திமிங்கில எலும்பு பார்க்கலாம் என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனால், உள்ளே பெரிய செம்பு ஹெல்மெட், நீர்மூழ்கும் உடை, ஜப்பானியக் குடும்பங்களின் புகைப்படங்கள். கென்னோசுகே கொடானி என்பவர் ஆலன் என்ற வெள்ளைக்காரரோடு கூட்டுச் சேர்ந்து அங்கே அபலோன் என்ற கடல் நத்தையை டப்பாவில் அடைக்கும் சிறிய ஆலை ஒன்றை நடத்தியதாகச் சொன்னார்கள். வெளியே வந்து தேடினேன், ஆலையைக் காணோம்.

சில கேள்விகள். ஜப்பானியர்மேல் அவ்வளவு வெறுப்பு இருந்த காலத்தில் ஆலன் அவர்களுக்கு இடம் கொடுத்தது பெருந்தன்மைதானே? எங்களோடு வந்த நண்பர், "இவர்கள் கடலை வழித்து எடுத்ததால்தான் இன்று அபலோனே இல்லை" என்றார், அது சரியா? இவ்வளவு அழகான இடத்தில் ஆலையை ஏன் ஒரு சுவர்கூட மிச்சமில்லாமல் விட்டுவிட்டார்கள்? உங்கள் கட்டுரையில் இதைப்பற்றி ஒரு வரிகூட இல்லையே?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்,

கடைசிக் கேள்வி எளிது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தக் கட்டுரை மத்தியைப் பற்றியது, அபலோன் அதில் நுழைந்திருந்தால் கட்டுரை வேறு திசையில் போயிருக்கும். ஆனால் நீங்கள் நினைப்பதுபோல இவை இரண்டும் தொடர்பில்லாத கதைகள் இல்லை. பின்னாளில் கேனரி ரோ என்று பெயர் பெற்ற அந்தக் கடலோரத் தெருவில் முதலில் டப்பா ஆலை வைத்தவர்களில் ஒருவரே ஜப்பானியர்தான். ஒட்டோசபுரோ நோடா. 1902இல் ஹாரி மால்பாஸ் என்பவரோடு சேர்ந்து தொடங்கினார். கொடானியின் கதையும் நோடாவிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது.

நோடா 1890களின் நடுவில் மான்டரே பக்கம் வந்தவர், மரம் வெட்டும் வேலைக்கு ஆள் சேர்த்துவிடுபவர். கடற்கரைப் பாறைகளில் அபலோன் குவிந்து கிடப்பதைப் பார்த்து அசந்துபோனார். நம்மில் பலருக்கு அபலோன் பரிச்சயம் இல்லை என்பதால் சொல்லிவிடுகிறேன்: அது ஒற்றை ஓடு கொண்ட ஒரு பெரிய நத்தை. ஓடு காது வடிவில் இருக்கும், ஓரத்தில் வரிசையாகத் துளைகள், உட்புறம் முத்துப்போல நிறம் மாறி மினுங்கும். பாறையில் ஒட்டிக்கொள்ளும் தடித்த பாதம்தான் கறி. கலிபோர்னியாவின் சிவப்பு அபலோன் உலகத்திலேயே பெரியது, ஓர் அடி வரைக்கும் வளரும். ஜப்பானில் அது விருந்துச் சாப்பாடு. இங்கேயோ வெள்ளைக்காரர்கள் யாரும் தொடுவதில்லை. நோடா ஜப்பானின் வேளாண்மை வணிக அமைச்சகத்துக்கு எழுதிப்போட்டார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1897இல் சிபா மாகாணத்தின் தென்முனையிலிருந்து கொடானி வந்து இறங்கினார். தம்பி நகாஜிரோவும் வந்தார்.

வயிற்றுப்பாட்டுக்குக் கப்பல் ஏறிய கூலி என்று அவரை நினைத்துவிடாதீர்கள். கெய்யோ பல்கலைக்கழகத்தில் படித்தவர், கடல்வளம் தெரிந்தவர், அபலோன் தொழிலையே பிழைப்பாகக் கொண்ட ஊரில் பிறந்தவர்.

சரி, இங்கே ஏன் அவ்வளவு அபலோன் குவிந்து கிடந்தது? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. அருங்காட்சியகப் பலகைகள் பொதுவாக இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விடும். கடல் தானாக அப்படி வாரி வழங்கவில்லை. அபலோனைத் தின்பவர்கள் ஒவ்வொருவராக இல்லாமல் ஆக்கப்பட்டார்கள், அதனால் குவிந்தது. முதலில் கடல் நீர்நாய். அபலோனும் கடல் முள்ளெலிகளும் அதற்குப் பிடித்த சாப்பாடு. தோலுக்காக அதை நூறு வருடத்துக்கு மேல் வேட்டையாடி, கலிபோர்னியாவில் கிட்டத்தட்ட பூண்டோடு அழித்துவிட்டார்கள். ஒரு சிறு கூட்டம் மட்டும் தெற்கே பிக் சர் கடற்கரைப் பக்கம் ஒளிந்திருந்து, 1938இல்தான் வெளியுலகத்தின் கண்ணில் பட்டது. அடுத்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்தக் கரையில் அபலோன் தின்று வந்த ஒலோனி மக்கள். ஸ்பானியர்களின் மதம் பரப்பும் மிஷன்கள் வந்தபின் கரையோரத்தில் அவர்களுடைய வாழ்க்கையே கலைந்துபோனது. அப்புறம் சீனர்கள். நீங்கள் நின்ற அந்த மரவீட்டைக் கட்டியவர்களே 1850களில் வந்த சீன மீனவர்கள்தான், திமிங்கிலம் பிடித்த போர்ச்சுகீசியர்கள் பிறகு வந்தவர்கள். சீனர்கள் வற்றத்தின்போது கரையிலும் ஆழம் குறைந்த இடங்களிலும் அபலோனைப் பெயர்த்து எடுத்து, உலர்த்தி, சீனாவுக்கு அனுப்பினார்கள். 1879இல் மட்டும் சுமார் 41 லட்சம் பவுண்டு. 1882இல் சீனர் வருகையைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1900 வாக்கில் ஆழமற்ற நீரில் வணிகத்துக்காக அபலோன் எடுக்கக் கூடாது என்றார்கள். சீனர்களுக்குத் தெரிந்ததே அந்த முறைதான். அத்தோடு அவர்கள் தொழில் படுத்தது.

ஆக, கொடானி வந்தபோது கரையோரத்தில் சீனர்கள் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள், ஆழத்தில் இருந்ததோ யார் கையும் படாமல் இருந்தது. ஆழமற்ற நீர் சட்டப்படி மூடிவிட்டது, ஆழமான நீர் திறந்திருந்தது. அதற்குள் இறங்கத் தெரிந்தவர்கள் சிபாக்காரர்கள்.

ஆனால் அவர்களாலும் முதலில் முடியவில்லை. மூச்சை அடக்கி மூழ்குகிறவர்களைத்தான் கொடானி ஊரிலிருந்து அழைத்து வந்தார். ஜப்பானில் அவர்களை ஆமா என்பார்கள். சிபாவின் கடலுக்குத் தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் உண்டு. மான்டரேயில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வந்துகொண்டே இருக்கும், கோடையிலும் பதினைந்து டிகிரியைத் தாண்டினால் பெரிய விஷயம். உடம்பு விறைத்துப்போகிற அந்தத் தண்ணீரில் திரும்பத் திரும்ப மூழ்கி எழுந்தால் பிழைப்பு நடக்காது. எனவே 1898இலேயே ஹெல்மெட் உடை வந்துவிட்டது. அது ஜப்பானியர் அமெரிக்காவில் கற்றுக்கொண்ட வித்தை என்று சிலர் நினைக்கிறார்கள். கொடானியின் ஊர்ப்பக்கத்தில் 1870களின் கடைசியிலேயே ஹெல்மெட் போட்டு அபலோன் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். வந்த கருவி பழசு, கடல்தான் புதுசு.

நீங்கள் பார்த்த அந்தச் செம்பு ஹெல்மெட்டோடு உள்ளே இருந்தவன் எப்படி வேலை செய்தான் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். உள்ளே கனமான கம்பளி உள்ளாடைகள், மேலே ரப்பர் பூசிய கித்தான் உடை, மார்பிலும் முதுகிலும் ஈயக்கட்டிகள், காலில் ஈயம் வைத்த செருப்பு. கரையில் அவனால் நடக்கவே முடியாது, தண்ணீருக்குள் இறங்கினால்தான் மனிதன். மேலே படகில் இரண்டு பேர் கைப்பம்பை மாறி மாறி இயக்கிக் குழாய் வழியாகக் காற்று அனுப்புவார்கள். ஒருவர் பின்புறத் துடுப்பை அசைத்து, கீழே குளியாள் (மூழ்கி எடுப்பவன்) நடக்கிற திசைக்கெல்லாம் படகைக் கொண்டுபோவார். இன்னொருவர் கையில் உயிர்க்கயிறு. எத்தனை இழுப்பு இழுத்தால் என்ன பொருள் என்பது முன்பே பேசி வைத்தது. பம்புக்காரன் கை சோர்ந்தாலோ, கடற்பாசிக் காட்டுக்குள் குழாய் சிக்கினாலோ கதை முடிந்தது. ஆகவே கயிறு யார் கையில் என்பதில் குளியாள்கள் மிகவும் கறாராக இருப்பார்கள். நம் சங்குகுளித் துறைகளில் கயிறு பிடிக்க மைத்துனனை வைத்துக்கொள்வார்கள் என்று சொல்வதுண்டு, தங்கை தாலி அறுக்கக்கூடாது என்று பார்த்துப் பிடிப்பானாம். கடல் எதுவானாலும் கயிறு கயிறுதான்.

அடியில் போனவன் கையில் ஓர் இரும்புப் பட்டை. சும்மா இருக்கும்போது அபலோன் ஓட்டைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு தளர்வாக உட்கார்ந்திருக்கும். அந்த நொடியில் பட்டையை உள்ளே செருகி ஒரே நெம்பு நெம்பினால் வந்துவிடும். ஒரு தட்டு தட்டிவிட்டீர்களோ, பாறையோடு பாறையாக இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் கறி கிழியுமே தவிர பெயராது. கிழிந்த அபலோனைத் திரும்பக் கடலில் போட்டும் பயனில்லை, அதன் இரத்தம் உறையாது, சின்ன வெட்டும் அதைக் கொன்றுவிடும். தேர்ந்த குளியாள் என்பவன் அதிகம் எடுப்பவன் மட்டும் இல்லை, கிழிக்காமல் எடுப்பவன். எடுத்ததை வலைப்பையில் போட்டுக் கயிறு இழுத்தால் மேலே இருப்பவர்கள் தூக்கிக்கொள்வார்கள், காலிப் பை இறங்கும். மணிக்கணக்கில் இதுதான் வேலை.

இப்போது ஆலன். பெருந்தன்மையா என்று கேட்டீர்கள். அலெக்சாண்டர் ஆலன் பொறியாளர். 1898இல் ஒரு நிலக்கரிக் கம்பெனியிடமிருந்து பாயின்ட் லோபோஸில் 640 ஏக்கரை வாங்கினார். அதற்கு முன் அந்த நிலத்தை வீட்டுமனைகளாக வெட்டி விற்கப் பார்த்திருந்தார்கள், விற்ற மனைகளை ஆலன் குடும்பம் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கியது. அதற்காகவே அவரை வணங்கலாம், இல்லையென்றால் நீங்கள் பார்த்த சைப்ரஸ் மரங்களுக்கு நடுவில் வீடுகள் இருந்திருக்கும். ஆனால் வருடங்களைக் கவனியுங்கள். 1897, 1898. ஆலன் நிலத்தை வாங்கும்போது கொடானி ஏற்கெனவே அந்தக் குடாவில் தொழில் செய்துகொண்டிருந்தார். "இடம் கொடுத்தார்" என்பது அப்படியே பொருந்தாது. நடக்கிற தொழில் ஒன்று நிலத்தோடு கூடவே அவர் கைக்கு வந்தது. அதை அவர் விரட்டவில்லை, கூட்டாளியானார். பாயின்ட் லோபோஸ் கேனிங் கம்பெனி அப்படித்தான் பிறந்தது. ஆலனிடம் நிலமும் பணமும் வெள்ளைக்காரப் பெயரும், கொடானியிடம் ஆட்களும் வித்தையும் கடலும்.

அந்த "வெள்ளைக்காரப் பெயர்" என்பதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, அதற்கு ரொக்க மதிப்பே இருந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஜப்பானில் பிறந்த ஒருவர் எத்தனை வருடம் இருந்தாலும் குடியுரிமை பெற முடியாது, 1922இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. குடியுரிமைக்குத் தகுதியில்லாத அயலார் விவசாய நிலம் வாங்கக் கூடாது, மூன்று வருடத்துக்கு மேல் குத்தகைக்கும் எடுக்கக் கூடாது என்று 1913இல் கலிபோர்னியா சட்டம் போட்டது, 1920இல் குத்தகையையும் அடைத்தது. ஜப்பான் என்ற சொல் சட்டத்தில் எங்கும் இருக்காது. யாரைச் சொல்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த வருடம் எந்தக் கதவை மூடுவார்கள் என்று சொல்ல முடியாத இப்படியொரு ஊரில், கோடிச் சொத்து வைத்திருக்கும் ஜப்பானியரைவிட, நம்பகமான வெள்ளைக்காரக் கூட்டாளி வைத்திருக்கும் ஜப்பானியருக்கு ஆயுள் கெட்டி. அவர்கள் நட்பு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. முப்பது வருடம் நீடித்த கூட்டு அது. இரண்டு குடும்பமும் ஒரே குடாவைச் சுற்றி வாழ்ந்தன. நல்ல மனிதர்கள் அமைந்தார்கள், சந்தோஷம். ஆனால் ஒரு தொழில் பிழைக்க நல்ல மனிதர் ஒருவர் அமைய வேண்டியிருந்தது என்பதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றும் தெரியவில்லை. பலகையில் நட்பு மட்டும் மிஞ்சி, அந்த நட்பைக் கட்டாயமாக்கிய சட்டம் காணாமல் போவதுதான் எனக்கு உறுத்துகிறது.

டப்பாவுக்கு வருவோம். கொடானி முதலில் டப்பாவை நம்பி வரவில்லை. உலர்த்தியதுதான் உண்மையான சரக்கு. அபலோனைச் சுத்தம் செய்து, உப்பில் ஊறவைத்து, வேகவைத்து, வெயிலில் பரப்பிக் கல்லாகக் காயவைத்தால் எடை பெரும்பகுதி போய்விடும், மாதக்கணக்கில் கெடாது, மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றலாம். நம் கருவாட்டுக்கணக்குதான். ஆசியாவில் அதற்கு நல்ல விலை. ஓடும் வீணாகாது, பொத்தானுக்கும் நகைவேலைக்கும் போகும். டப்பா அடைப்பதற்கோ தகரம் வேண்டும், கொதிகலன் வேண்டும், விறகு வேண்டும், மூடுகிற ஆள் வேண்டும். கருமையான ஓரத்தைத் தேய்த்து எடுத்து, சீவி, வேகவைத்து, டப்பாவில் வைத்து, மூடி, மறுபடி நீராவியில் வைக்க வேண்டும். வேக்காடு கொஞ்சம் தப்பினால் வாயில் வைத்தால் செருப்புத்தோல். இவ்வளவு செலவும் செய்து அடைத்ததை வாங்க உள்ளூரில் ஆளும் குறைவு.

1913இல் அபலோனை உலர்த்துவதற்குத் தடை வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் மாநிலத்தைவிட்டு வெளியே அனுப்புவதையும் நெருக்கினார்கள். நிலச் சட்டம் வந்த அதே வருடம். அபலோன் குறைகிறதே என்ற உண்மையான கவலையும் அதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் யார் எதை உலர்த்தி எங்கே அனுப்பினார்கள் என்று பார்த்தால், அந்தத் தடை யார் தலையில் விழுந்தது என்று தெரிந்துவிடும். உலர்த்துவது போனபின் டப்பாதான் கதி என்றானது. பக்கத்தொழிலாக இருந்த ஆலை பிரதான தொழிலானது அப்படித்தான். நம் புத்தகங்களில் தொழில்நுட்பம் வளர்ந்து கருவாட்டிலிருந்து டப்பாவுக்குப் போனார்கள் என்கிற மாதிரி எழுதிவிடுவார்கள். கொடானியின் குடாவில் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது தொழில்நுட்பம் இல்லை. முதலில் ஆழமற்ற நீரை அடைத்த சட்டம் ஹெல்மெட்டுக்கு வழிவிட்டது, பிறகு வெயிலை அடைத்த சட்டம் தகரத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு முறையும் அவர்கள் இருக்கிற இடுக்கில் புகுந்து தொழிலை மாற்றிக்கொண்டார்கள். சாமர்த்தியம் என்று பாராட்டலாம், பாராட்டத்தான் வேண்டும், ஆனால் சாமர்த்தியத்துக்கு வேலை வைத்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. அதே காலத்தில் மான்டரேயில் ஜெர்மனியில் பிறந்த உணவகக்காரர் ஒருவர், 'பாப்' ஏர்னஸ்ட் டோல்ட்டர், அபலோனை மெல்லிசாக வெட்டி, மரச்சுத்தியால் அடித்துப் பதமாக்கி, முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டி வறுத்துப் பரிமாறினார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியிலும் போட்டார். அதுவரை மூக்கைப் பிடித்த வெள்ளைக்காரர்களெல்லாம் தட்டை நீட்டினார்கள். கீழே இறங்கி எடுத்தவர்கள் ஜப்பானியர், பெயர் வாங்கியது அபலோன் ஸ்டேக். மாநிலத்துக்குள்ளேயே புதிதாக ஒரு சந்தை பிறந்ததால் குளியாள்களுக்கு வேலை கூடியது. ஆனால் வறுத்துத் தின்பவனுக்குப் புதிய கறிதான் வேண்டும், டப்பா எதற்கு? டப்பாவுக்கு அது நல்ல சேதி இல்லை.

உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். ஜப்பானியர்கள் நிறைய எடுத்தார்கள், சந்தேகமே இல்லை. 1898 முதல் 1941 வரை கலிபோர்னியாவின் அபலோன் தொழில் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருந்தது. 1929இல் மாநிலம் முழுவதும் சுமார் 39 லட்சம் பவுண்டு எடுத்தார்கள். சிவப்பு அபலோன் ஏழு அங்குலம் வளரப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும் என்பதை நினைத்தால் அது கொஞ்சமில்லை. பாயின்ட் லோபோஸைச் சுற்றிக் குறையவும் செய்தது. 1942இல், ஜப்பானோடு நடந்த போரைக் காரணம் காட்டி அவர்களைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பிய வருடம், மொத்தப் பிடிப்பு சுமார் 1,64,000 பவுண்டாக விழுந்தது. அப்போதாவது கடல் மூச்சு விட்டதா? 1943இல் தெற்குக் கலிபோர்னியாவில் மூடிவைத்திருந்த பகுதிகளையும் திறந்துவிட்டார்கள். புதிய குளியாள்கள் வந்தார்கள். 1957இல் சுமார் 54 லட்சம் பவுண்டு. ஜப்பானியர் காலத்தின் உச்சத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்குமேல் அதிகம், ஜப்பானியர் தொழிலிலிருந்து விரட்டப்பட்டுப் பதினைந்து வருடம் கழித்து. அதற்கப்புறம் நீர்நாய்கள் திரும்பி வந்து தங்கள் பங்கைக் கேட்டன, அபலோனை வாட்டிக் கொல்லும் நோய் ஒன்று வந்தது, தெற்கில் ஒவ்வோர் இனமாகத் தீர்ந்தது. 1997இல் வணிகத்துக்கு எடுப்பதை நிறுத்தினார்கள். 2018இலிருந்து வடக்கில் பொழுதுபோக்குக்கு எடுப்பதும் இல்லை. வெள்ளை அபலோனும் கருப்பு அபலோனும் அருகிவரும் இனங்களின் பட்டியலுக்குப் போய்விட்டன. இவ்வளவையும் தூக்கி ஒரு சிறிய குடாவிலிருந்த ஒரு சிறிய ஆலையின் தலையில் வைப்பது நியாயமில்லை. உங்கள் நண்பரிடம் 1957ஐ மட்டும் சொல்லுங்கள், போதும்.

ஆலை எங்கே போனது? 1920களின் இறுதியில் ஓய்ந்துவிட்டது. அருகிலிருந்த அபலோன் குறைந்தது, புதிய கறிச்சந்தை டப்பாவைத் தின்றது. 1930இல் ஆலனும் இறந்தார், கொடானியும் இறந்தார், ஒரே வருடத்தில். 1933இல் நிலம் மாநிலத்துக்குப் போய்க் காப்பிடமானது. அதற்காகப் பாடுபட்டவர்கள் மனதில் இருந்தது மான்டரே சைப்ரஸ் மரமும் கடற்பாறையும், அவற்றைக் காப்பாற்றினார்கள், நன்றி. இயற்கையைக் காட்ட வேண்டிய இடத்தில் தகரக் கொட்டகையும் கொதிகலனும் யாருக்கு வேண்டும்? கொடானிகளும் ஆட்களும் குடியிருந்த வீடுகளும் போயின. 1960இல் அதைச் சுற்றியுள்ள கடலையும் காப்பிடமாக்கினார்கள். இன்று அதே வேலர்ஸ் கோவ் குடாவில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு இறங்கலாம், எதையும் எடுக்கக் கூடாது. கொடானி குடியிருப்பு என்று அந்த இடத்துக்குப் பெயர் வைத்தது 1990களில்தான்.

கொடானி உயிரோடு இருந்திருந்தால் 1942இல் என்ன ஆகியிருக்கும் என்பதும் நாம் ஊகிக்க வேண்டியதில்லை, மான்டரே ஜப்பானியர் எல்லோருக்கும் ஒன்றுதான் நடந்தது. பக்கத்து ஊரான சாலினாஸில் ரோடியோ என்ற குதிரை, மாடு அடக்கும் போட்டி நடக்கும் மைதானத்தில் அடைத்தார்கள், அங்கிருந்து பெரும்பாலோரை அரிசோனாப் பாலைவனத்தில் போஸ்டன் (Poston) முகாமுக்கு அனுப்பினார்கள். கடலோரத்தில் முப்பது நாற்பது வருடம் பிழைத்தவர்களைப் புழுதிக்கு. 1945இல் அவர்கள் திரும்பி வரக் கூடாது என்று ஊரில் ஒரு கூட்டம் கிளம்பியபோது, வரட்டும், அது அவர்கள் உரிமை என்று நானூறு பேருக்கு மேல் கையெழுத்திட்டு உள்ளூர் நாளிதழில் அறிக்கை வெளியிட்டார்கள். பாயின்ட் லோபோஸின் பாறைகளைப் புகைப்படத்தில் அழியாமல் வைத்த எட்வர்ட் வெஸ்டனும் அதில் கையெழுத்திட்டவர். ஆனால் மாநில அரசு வேறு வழி வைத்திருந்தது: குடியுரிமைக்குத் தகுதியில்லாதவருக்கு மீன்பிடி உரிமம் கிடையாது. அதை 1948இல் தக்காஹாஷி என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம்தான் அடித்து நீக்கியது. குடியுரிமைத் தடை நீங்கியது 1952இல்.

அடுத்த தடவை மான்டரேயிலிருந்து வீடு திரும்பும்போது சாலினாஸ் வழியாகப் போங்கள். ரோடியோ மைதானத்தை ஒட்டி ஒரு சிறிய ஜப்பானியத் தோட்டமும் நினைவுக்கல்லும் இருக்கின்றன, அரை மணி நேரம் போதும். பாயின்ட் லோபோஸுக்கு மறுபடி போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

அன்புடன்,
ஆசிரியர்